சுண்ணாம்பான பன்னிரண்டு ஃபேன்

கல்லிடைக்குறிச்சி அப்பளப் பெண்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, அதன் தலைவி பாலம்மாளைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் பழைய ஆணி பொறுக்கி விற்று, அம்பாசமுத்திரத்தில் மூன்று மாடி இரும்புக்கடை கட்டியவனுக்கு ஒரு பக்கம் எழுதுவது பெரிய காரியமா?

பாலம்மாள் முன்பு வெள்ளையடிக்கிற கொத்தனாரிடம் சித்தாளாக இருந்தவள். புருஷன் செத்த பிறகு அப்பளம் இட வந்தாள். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

தொண்ணூற்றாறில் சங்கம் மூடுகிற நிலைக்கு வந்துவிட்டது. கல்நார் ஷீட் போட்ட கூடம், ஜன்னல் இரண்டே இரண்டு. பகலிலும் பத்து பல்பு எரியவேண்டும். உச்சி வெயிலில் கூரைக்கடியில் உட்கார முடியாமல் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். பாதி நாள் வேலையில் வந்ததைக் கரண்ட் பில் தின்றது. சித்திரைக்குள் சரியாகாவிட்டால் கூடத்தைக் காலி செய்வதென்று நிர்வாகக்குழு தீர்மானம் போட்டது. முப்பத்திரண்டு பெண்களின் அடுப்பு அந்தக் கூடத்தை நம்பி எரிந்தது.

பாலம்மாள் மனுவோடு பேரூராட்சி அலுவலகம் போனாள். புதுக் கட்டடம் கட்டப் பணம் உண்டு, இருக்கிற கட்டடத்தைச் சரிசெய்யக் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகுதான் என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, வெயிலு உள்ள எறங்காம இருக்கக் கூரைக்கு மேல சுண்ணாம்பு ரெண்டு பூச்சு பூசணும். வடக்குப் பக்கம் நாலு ஷீட்டை எடுத்துட்டு வெளிச்சம் எறங்குத ஷீட்டு போடணும். சுவத்து உச்சியில காத்துப் போக வழி விடணும். அம்புட்டுத்தான்.”

நான் யோசித்தேன். கோயில் டியூப் லைட் முதல் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு வரை என் பெயர் இல்லாத இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது. சுண்ணாம்பில் பெயரை எங்கே போடுவது?

“அதெல்லாம் சில்லறை வேலை, பாலம்மா. பன்னெண்டு ஃபேன் தாரேன்.”

“ஃபேன் காத்துல மாவு காஞ்சு அப்பளம் ஓரம் வெடிச்சிரும்.”

“வியாபாரத்தை எனக்கே சொல்லித்தாரியா?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முப்பத்தாறு இறக்கையிலும் ‘இரும்புக்கடை இசக்கியப்பன் உபயம்’ என்று சிவப்பு மையில் எழுதி மாட்டினேன். மாலை மரியாதை எல்லாம் நடந்தது. ஒரு வாரம் கழித்துப் போனால் அத்தனை ஃபேனும் நிற்கின்றன.

“ஓடுனா உங்க பேரைப் படிக்க முடியலையே, அண்ணாச்சி. வாரவங்க யாரு குடுத்ததுன்னு கேக்காவ” என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

மாசியில் வீரவநல்லூரில் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனது. விசிறிக்கொண்டே மேலே பார்க்கிறேன். ஃபேன்கள் பைய நிற்கின்றன, எல்லாவற்றிலும் என் பெயர். மண்டபத்துக்காரர் தில்லைநாயகம் கும்பிட்டுக்கொண்டே வந்தார். “சங்கத்துல வித்தாவ, அண்ணாச்சி. பாதி விலைதான். நல்லா ஓடுது வே.”

சாப்பிடாமல் நேரே கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். உச்சி வெயில். சத்தம் போடத்தான் கூடத்துக்குள் நுழைந்தேன். உள்ளே வெக்கை இல்லை. ஒரு பல்புகூட எரியவில்லை, ஆனால் கைரேகை தெரிகிற வெளிச்சம். முப்பத்திரண்டு பேரும் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என் ஃபேன் எங்க, பாலம்மா?”

“கூரை மேல இருக்கு. சுண்ணாம்பா.”

“என்னைக் கேக்காம விப்பியோ?”

“கேட்டா வேண்டாம்பிய. தீர்மானம் போட்டுத்தான் வித்தோம். கரண்ட் பில்லு மூணுல ஒண்ணாயிட்டு. இனி எங்களை ஒருத்தரும் காலி பண்ணச் சொல்ல முடியாது.”

“பேரு?”

“கூரையில எழுதலாம்னு பாத்தோம். கறுப்பு எழுத்து இருக்குத இடத்துல மட்டும் வெக்கை எறங்கும். உங்க பேருக்குக் கீழ எவ உக்காருவா, அண்ணாச்சி?”

முப்பத்திரண்டு தலையும் குனிந்துகொண்டன. குழவி உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. சிரிக்கிறார்கள் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாளில்லை.

சித்திரை பிறக்குமுன் நிர்வாகக்குழு, கூடத்தைக் காலி செய்கிற தீர்மானத்தை ரத்து செய்தது. ஆனியில், பால்வாடிக் கூரைக்கும் சுண்ணாம்பு வேண்டுமென்று பாலம்மாள் வந்து நின்றாள். இந்தத் தடவை ரொக்கமாகவே கொடுத்தேன். முழு விலைக்கு வாங்கின சாமானைப் பாதி விலைக்கு விற்பதை இன்னொரு முறை பார்க்க, ஒரு இரும்புக்கடைக்காரன் மனசு தாங்காது.