ஏரியில் இல்லை

நான் கையெழுத்துப் போட்ட ஓர் அறிக்கையை நானே தவறு என்று எழுதிக் கொடுத்தேன். 'தவறு' என்ற சொல் வேண்டாம், 'விடுபட்டுவிட்டது' என்று போடுங்கள் என்றார் எங்கள் துறைத் தலைவர். விடுபட்டதற்கும் தவறுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருபது வருடமாக விலங்கியல் நடத்தவில்லை நான். தவறு என்றே எழுதினேன்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, ஆறாம் நாள் ஏரி. அரியலூரில் பஸ் மாறித் திருமானூர் பக்கம் போனால், நெல் வயல்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் நடுவே அந்த ஏரி இருக்கிறது. கட்லா, ரோகு, ஜிலேபி என்று வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் பெருகிய பிறகு, நாட்டு மீன்களில் எவையெல்லாம் மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. விரால் கிடைத்தது, குறவை கிடைத்தது, கெளுத்தி வேண்டுமட்டும் கிடைத்தது. அயிரை மட்டும் அகப்படவே இல்லை. விரல் நீளம்கூட வராத மீன் அது. தரையோடு தரையாகத் திரியும், பயந்தால் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும்.

இரண்டு வருடம் தேடினேன். சன்னக் கண்ணி வலையைக் கரையோரம் இழுத்தேன். இடுப்பளவுச் சேற்றில் நின்று கூடையால் அடிமண்ணை அள்ளிப் பார்த்தேன். ஊர்க்காரர்களையும் விடவில்லை. ஆடு மேய்ப்பவர், வலை வீசுபவர், டீக்கடைக்காரர் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன்.

"ஏரியில அயிரை இருக்குங்களா?"

"இல்லீங்க."

ஒருவர் விடாமல் அதே பதில். வலையும் இல்லை என்கிறது, ஊரும் இல்லை என்கிறது. நோட்டில் 'இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஒரு மீன் அழிந்துபோனதைக் கண்டுபிடித்ததில் வருத்தம் இருந்தது. கண்டுபிடித்தவள் நான் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்குத் தரையும் சுவரும் சிமென்ட்டில் போட ஏற்பாடானது. பொறியாளர் கல்லூரிக்கு வந்தார். ஏரியிலும் வாய்க்காலிலும் என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன என்று ஓர் அறிக்கை கேட்டார். ஏரிக்கு என்னிடம் இரண்டு வருடக் குறிப்பு இருந்தது. வாய்க்காலுக்கு ஒரே ஒரு நாள் போனேன். சித்திரை வெயில். வாய்க்கால் வறண்டு மணலாகக் கிடந்தது. செருப்புக் காலோடு கரையிலேயே கொஞ்ச தூரம் நடந்தேன். கருவேல முள் செருப்பைத் துளைத்தது, திரும்பிவிட்டேன். வாய்க்காலுக்கான கட்டத்தில் 'மீன் இல்லை. நாட்டு மீன்கள் வாழ உகந்த இடம் அல்ல' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கக்கூட இல்லை.

அடுத்த வருடம் ஆனியில் ஒரு சனிக்கிழமை, ஏரிக்குப் போகும் வழியில் வாய்க்காலில் பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது. சிமென்ட் வேலை தொடங்குவதற்கு முன்னால் நூறு நாள் வேலைப் பெண்கள் வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பாலத்துக்கு அடியில், நிழலில், ஒரு குட்டை காயாமல் இருந்தது. அதைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். மதியச் சோறு கொண்டுவந்த தூக்குவாளியில் ஒருத்தி எதையோ அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, அயிரை வேணுமா? கொழம்புக்கு ஆவும்" என்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அந்தக் கூட்டத்திலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

எட்டிப் பார்த்தேன். பழுப்பு உடம்பு, பக்கவாட்டில் கரும்புள்ளிகள், வாயோரம் மீசை. ஐம்பதுக்குக் குறையாமல் நெளிந்தன. நான் அழிந்துபோனதாக அறிவித்த மீன், தூக்குவாளியில்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "இருக்குன்னு ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

"எத்தன தடவ கேட்டிருப்பேன்! உங்ககிட்டயே கேட்டேனே, டீக்கடை வாசல்ல!"

"ஏரியில இருக்கான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னேன். இப்பவும் ஏரியில இல்லதான். அது சேறு, அங்க எப்புடி இருக்கும்? வாய்க்கால்ல இருக்கான்னு யாரு கேட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. "நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். எங்கம்மா புடிச்சிட்டு வந்த அயிரையத் தின்னு வளந்தவ" என்றேன், ஏதோ அதனால் என் மானம் காப்பாற்றப்படும் என்பதுபோல.

"உங்கம்மா ஏரியிலயா புடிச்சாங்க?"

ஊரார் வயலில் நாற்று நட்டுவிட்டு வரும்போது அம்மா முந்தானையில் முடிந்து எடுத்து வருவாள். முந்தானையை உதறினால் வாசலில் மணல் கொட்டும். சேறு ஒரு நாளும் கொட்டியதில்லை. மீனை எண்ணக் கற்றுக்கொண்ட எனக்கு அந்த மணலைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

நான் படித்த புத்தகங்களில் ஏரி என்றால் வரும் வாய்க்கால், போகும் வாய்க்கால், மழைநீர் ஓடிவரும் மேட்டு நிலம் எல்லாம் சேர்ந்ததுதான். அந்த ஊரில் ஏரி என்றால் கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் இடம் மட்டும். நான் என் ஏரியைக் கேட்டேன், அவர்கள் தங்கள் ஏரிக்குப் பதில் சொன்னார்கள். வாய்க்காலில் இறங்காமலே 'மீன் இல்லை' என்று எழுதிப் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான்.

அங்கிருந்தே துறைத் தலைவருக்குப் போன் போட்டு, அறிக்கை தவறு, சிமென்ட் தரை போட்டால் அயிரைக்குப் புதைய மணல் இருக்காது, வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றேன். "ஒரு அயிரைக்காகவா இவ்ளோ? வேலையை நிறுத்தினா எல்லாரும் நம்ம காலேஜத்தான பேசுவாங்க" என்றார். பேசட்டும் என்று வைத்துவிட்டேன். பொறியாளருக்குப் போட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

"மேடம், உங்க ரிப்போர்ட்ட வெச்சுதான் அனுமதியே வாங்கினேன். கலவை மிஷின் வந்து நிக்குது. ஒரு குட்டையில மீனு இருந்தா வாய்க்கால் பூரா இருக்குன்னு ஆயிடுமா? இடம் இடமா காட்டுங்க, எழுத்துல குடுங்க. அடுத்த சனிக்கிழம வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

நியாயமான பேச்சு. கல்லூரியில் ஒரு வாரம் லீவு சொன்னேன். மண்வெட்டியும், வீடு கட்டுபவர்களிடம் இரவல் வாங்கிய சல்லடையுமாக வாய்க்காலில் இறங்கினேன். இந்த முறை வெறுங்காலோடு. முதல் நாள் முழுக்கத் தோண்டியும் காய்ந்த மணல்தான். கையில் கொப்புளம் போட்டது. இரண்டாம் நாள் தோண்டுவதை நிறுத்திவிட்டு, விடியலில் வாய்க்கால் நெடுக நடந்து மணலைக் காலால் தொட்டுக்கொண்டே போனேன். சில்லென்றிருந்த இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டேன். மரநிழல், வளைவு, பாறைக்கு அடி. குச்சி நட்ட இடங்களில் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஈரமணல். அதைச் சல்லடையில் போட்டு அலசினால் அயிரை துள்ளியது. பாலத்துக்கு மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் நின்று பார்த்துவிட்டுத் தாங்களும் இறங்கிவிட்டார்கள். "டீச்சரம்மா தனியா தோண்டினா அடுத்த சித்திரை வந்துரும்" என்றாள் தூக்குவாளி அக்கா. ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து, வரைபடத்தில் குறித்து, மீனைத் திரும்ப அதே மணலில் விட்டேன்.

சனிக்கிழமை பாலத்தடியில் கூடினோம். பொறியாளர், நான், அந்தப் பெண்கள், பிறகு கடைமடை விவசாயிகள் பத்துப் பேர். அவர்களுக்குக் கோபம். "தண்ணியில பாதிய மணலு குடிச்சிருது. எங்க வயலு காஞ்சு கெடக்கு. மீனுக்காக நாங்க பட்டினி கெடக்கணுமா?" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. இன்னொருவர் அறிக்கையின் நகலை ஆட்டிக் காட்டினார். "மீனு இல்லன்னுதான இதுல போட்டிருக்கு? இத எழுதின ஆளக் கூட்டியாங்க மொதல்ல. அவரு சொல்லட்டும்."

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றேன். "ஒரே ஒரு நாள் வந்தேங்க. கரையில நடந்தேன், செருப்புக்கூட கழட்டல. வாய்க்கால்ல எறங்கவே இல்ல. எறங்காமயே இல்லன்னு எழுதிட்டேன். தப்பு என்னுது. அத நம்பினதுல உங்க தப்பும் இல்ல, சாரு தப்பும் இல்ல." சொல்லி முடித்து, கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் வரைபடத்தையும் பொறியாளரிடம் கொடுத்தேன்.

மதியம் வரைக்கும் பேசினார்கள். கடைசியில் பாலத்திலிருந்து ஏரி வரைக்கும் பக்கச் சுவர் மட்டும், தரை மணலாகவே இருக்கும் என்று முடிவானது. பாலத்துக்கு மேலே தரைக்கும் சிமென்ட். முழு வாய்க்காலையும் கேட்டேன், பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியைக்கூட என் அறிக்கை ஏற்கெனவே விற்றுத் தீர்த்திருந்தது என்பதால் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து மாதம் ஒரு முறை இரண்டு பாதியிலும் இறங்கிப் பார்க்கிறேன். கீழ்ப்பாதியில் தை மாதம் சல்லடையில் ஊசி பருமனில் குஞ்சுகள் வந்தன. களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த தூக்குவாளி அக்கா கரையில் நின்று என் குரலிலேயே கேட்டாள்: "ஏரியில அயிரை இருக்குங்களா?"

"ஏரின்னா எதுவரைக்கும்னு மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

பிறகு பாலத்துக்கு மேலே ஏறினேன். சிமென்ட் தரையில் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. அடி முதல் நுனி வரை வெறுங்காலோடு நடந்தேன். மூலை முடுக்கெல்லாம் சல்லடை வைத்தேன், திரும்பி வரும்போதும் வைத்தேன். கரையேறி உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, மேல்பாதிக்கு எதிரே 'மீன் இல்லை' என்று எழுதினேன். முன்பு எழுதிய அதே இரண்டு சொற்கள்தான். இப்போது அவை உண்மை.

நோட்டை மூடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, சிமென்ட் தரையை இடையிடையே உடைத்து மணல் விடச் சொல்லி, பொறியாளருக்கு மூன்றாவது மனுவை எழுதத் தொடங்கினேன்.