அப்பா வரிசை பிரித்த மரக்காணி

எங்கள் அன்புத் தந்தையார் வட்டுக்கோட்டையில் பிறந்து, அந்த மண்ணிலேயே கண்மூடியவர். அவரது முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி இனிமையாக மட்டும் எழுதவே நினைத்தேன். மனம் ஒப்பவில்லை.

நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பியபோது அப்பாவின் காணியில் ஒரு மரமும் இல்லை. சண்டைபிடித்தவர்கள் அவற்றைத் தறித்துக் கூரை போட்ட பதுங்குகுழிகள்தான், கூரை இடிந்து வாய்பிளந்து கிடந்தன. "கிடங்கு அவையளே வெட்டி வைச்சிருக்கினம், மரக்கண்டு வைக்கிறதுதான் மிச்சம்" என்று அப்பா சிரித்தார். தேக்கும் வேம்பும் வைத்தார். வளைந்ததைத் தறித்து, நேரானதற்கு இடம் விட்டார். வீட்டுக்கூரைத் தீராந்திக்கு மரம் கேட்டு வருபவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்த பிறகே கோடரியைத் தொடுவார். தறித்த இடத்தில் கன்று வைக்காமல் அன்று குளிக்கமாட்டார்.

எமக்கு எழுதித் தந்தபோது நிலத்தைப் பொதுவில் விட்டு, மரங்களைப் பிரித்தார். ஒரு வரிசை அண்ணைக்கு, அடுத்தது எனக்கு, இப்படியே வேலிவரை. "காணியைப் பிரிச்சா நடுவிலை வேலி வரும், பிள்ளை. உப்பிடி விட்டா ரெண்டுபேரும் கதைச்சுத்தான் ஒண்டைத் தறிக்கவேணும்" என்றார். அவர் போட்ட பிழையான கணக்கு அது ஒன்றுதான்.

அப்பா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, படையல் ஆறமுன்னரே, கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணை ஒரு மரவியாபாரியைக் கூட்டிவந்தார். அப்பாவுக்குப் படைத்த வடையைக் கடித்தபடி அந்த மனிதர் மரங்களைக் கட்டிப்பிடித்து அளந்தார். பட்டையெல்லாம் அவருடைய எண்ணெய்க் கை.

"என்ரை வரிசையைத்தானே விக்கிறன், உனக்கென்ன?" என்றார் அண்ணை.

"ஒண்டு சரிஞ்சா மற்றதிலைதான் விழும், அக்கா. முறியமுதல் உங்கடையையும் தாங்கோ" என்றார் வியாபாரி, எனக்கு ஏதோ உபகாரம் செய்வதுபோல.

அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, வெற்றிலையைத் துப்பிவிட்டு அண்ணையைப் பார்த்தார். "சண்டைக்குத் தறிச்சவங்கள்கூட செத்தவீட்டுச் சோறு திண்டிட்டுத் தறிக்கேல்லையடா."

நான் இணங்கவில்லை. அண்ணையின் வரிசைகள் விழுந்தன. என்னுடையவற்றில் பாதி அவற்றின் கீழ் முறிந்தன. இந்த நினைவு மலர் அண்ணைக்கும் போகும். வாசிக்கட்டும்.

படுக்கையில் கிடந்த அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய அயலவர்களுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், இன்றுவரை என்னோடு நிற்கும் மாமிக்கும் கைகூப்புகிறேன். முறிந்த என் மரங்களை விறகாக்கித்தான் இன்றைய சோறு ஆக்கியிருக்கிறோம். இருந்து வயிறாறச் சாப்பிடுங்கள். நிற்கிற மரங்களுக்கு மட்டும் ஒருவரும் விலை கேட்கவேண்டாம்.