கன்ட்ரோல் தட்டு

"ஏட்டி, கண்ணுக்கே தெரியாத ஒண்ணு அடங்கிட்டுன்னு நீ எப்பிடிக் கண்ட?"

அத்தை கேட்டாள். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சும்மா இருக்க முடியுமா? கேட்டவர்களிடமெல்லாம் என் ஆய்வைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரை ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்க்கிறேன். சின்ன ஆர்.என்.ஏ. துணுக்கை உள்ளே அனுப்பினால், ஒரேயொரு ஜீன் அனுப்பும் செய்தியை மட்டும் அது அழித்துவிடும். ஜீன் இருக்கும், வேலை நடக்காது. நான் அடக்கிய ஜீன் இல்லாமல் அந்தச் செல் பிழைக்காது என்பதுதான் என் ஆய்வு. ஊருக்குக் கிளம்பும்முன் பார்த்தபோது முக்கால்வாசி செத்து மிதந்தன.

"செல்லு செத்துட்டுல்லா, அதான் சாட்சி" என்றேன்.

"பட்டினி போட்டாலும் சாகத்தான் செய்யும்" என்று சிரித்துக்கொண்டே இலை எடுக்கப் போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கன்ட்ரோல் தட்டை நான் பார்க்காமலே வந்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, எந்த ஜீனையும் தொடாத ஆர்.என்.ஏ. போட்ட தட்டு அது. அதில் செல்கள் நன்றாக இருக்க வேண்டும். வெற்றிலைத் தட்டு மாற்றும் நேரத்தில் ஆய்வகத் தோழி அதன் போட்டோவை அனுப்பினாள். அங்கேயும் அதே சாவு. ஆய்வை வழிநடத்தும் மேடம் இன்னும் பார்க்கவில்லை, திங்கட்கிழமை கூட்டத்தில் கேட்பார்கள் என்று எழுதியிருந்தாள்.

உட்கார முடியவில்லை. சந்தனக் கிண்ணத்தை ஒரே ஆளிடம் இரண்டு தரம் நீட்டினேன். அம்மா முறைத்தாள். நான் செய்ததையெல்லாம் மனசு திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது. ஆர்.என்.ஏ. அளவு சரி. நேரம் சரி. செல்களுக்கு ஊற்றிய சத்து நீர்?

எங்கள் ஆய்வகத்தில் கரண்ட் அடிக்கடி போய்க் காற்று வடிகட்டி நின்றுவிடும், பாக்டீரியா பயம் அதிகம். சத்து நீர் பாட்டிலைத் திறந்ததுமே ஆன்டிபயாட்டிக் கலப்பது எல்லோருக்கும் கைப்பழக்கம். அன்றும் கலந்திருந்தேன். ஆர்.என்.ஏ.வைச் சுமந்துபோகும் கொழுப்புத் துளி செல்லின் உறையைத் தளர்த்தும்போது ஆன்டிபயாட்டிக்கும் கூடவே புகுந்து கொன்றுவிடும். படித்ததுதான். கை மறந்துவிட்டது.

அப்படியென்றால் ஜீனை அடக்கியது எதையுமே செய்யாமல் இருந்திருக்கலாம். செய்தும் இருக்கலாம். அந்தத் தட்டைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

"சாப்பிட்டுட்டுப் போ, ஏட்டி" என்று அத்தை வாசல் வரை வந்தாள். நிற்கவில்லை. பஸ் ராஜபாளையம் தாண்டுமுன் மேடத்துக்கு போன் போட்டு நானே சொன்னேன். இறங்கி நேரே ஆய்வகம் போய், ஆன்டிபயாட்டிக் இல்லாத நீரில் புதுச் செல்களைப் பரப்பி வைத்துவிட்டேன், கன்ட்ரோல் தட்டில்தான் முதலில்.