ஒரு கரண்டி கோதுமை

சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற இடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற கஜலக்சுமி ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். முதியோர் இல்லமொன்றில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு வேலையில் நின்றுபிடித்ததும் அந்தப் பிடிவாதத்தால்தான். மனம் மட்டும் இளகினது. கீவ் நகரத்திலிருந்து லேசியா நாலாம் மாடிக்குக் குடிவந்த நாள் முதல் இங்கிருந்து புட்டு மேலே ஏறும், அங்கிருந்து பீற்றூட் சூப் கீழே இறங்கும்.

லேசியாவின் தம்பி கீவில் யன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவன். இரவு குண்டு விழும். விடிந்தால் சனம் கண்ணாடித் தூளைக் கூட்டி ஒதுக்கிவிட்டுக் கடை திறக்கும், பஸ்ஸுக்கு நிற்கும். இவன் ஏணியோடு போய் யன்னல் யன்னலாக அடைப்பான். போன கிழமை அந்த ஏணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். போக வழியில்லாத லேசியா, இங்கேயே அவன் படத்தை வைத்து, முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரும் அதன்மேல் ஒரு துண்டு கறுப்புப் பாணும் வைத்தாள்.

கஜலக்சுமி போனாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். லேசியா தேன் விட்டுப் பிசைந்த அவித்த கோதுமையை நீட்ட, இவள் கையால் தடுத்துவிட்டாள். செத்த வீட்டில் வாய் நனைப்பதா? எழும்பி வரும்போதும் ஒரு சொல் சொல்லவில்லை. செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுகிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் ஏது? வந்த கையோடு, உடுத்திருந்ததை வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுத் தலை முழுகினாள்.

"அவ பாத்தா என்ன நினைப்பா அம்மா?" என்றாள் மகள் ரிஷானி.

"செத்த வீட்டால வந்தா முழுகிறதுதான். சுவிசிலை பிறந்த உனக்கு என்ன தெரியும்?"

மணி அடித்தது. கதவைத் திறந்தால் லேசியா. கஜலக்சுமி விட்டுவிட்டு வந்த மூக்குக்கண்ணாடி அவள் கையில். சொட்டுகிற தலையைப் பார்த்தாள். தான் முகம் புதைத்து அழுத கறுப்புச் சட்டை வாளிக்குள் கிடப்பதையும் பார்த்தாள்.

"என் கண்ணீர் அவ்வளவு அழுக்கா, கஜா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

துடக்கு, தீட்டு என்பதற்கெல்லாம் கஜலக்சுமியிடம் ஜெர்மன் சொல் இல்லை. வேலையிடத்துச் சொல்தான் வாயில் வந்தது. "சுத்தம்... எங்களுக்குச் சுத்தம் வேணும்." சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது.

ரிஷானி ஓடிவந்து வழக்கத்தை விளக்கினாள். லேசியா கேட்டுக்கொண்டு நின்றாள். "எங்களிடத்தில் அந்தக் கோதுமையைச் சாப்பிட்டால்தான் செத்தவனை நினைத்ததாக அர்த்தம்" என்றாள். கண்ணாடியைக் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

"போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ அம்மா."

"முழுகியாச்சு. போனா திரும்பவும் முழுக வேணும்."

"அப்ப முழுகுங்கோவன்! தண்ணிக்கே பஞ்சம்?"

கஜலக்சுமி வாளியைப் பார்த்தாள். பிறகு, தலையைக்கூடத் துவட்டாமல் படியேறினாள்.

லேசியா கதவைத் திறந்தாள், கோதுமையும் வைத்தாள். கட்டிப்பிடிக்க மட்டும் வரவில்லை. ஈரத் தலைக்கு ஒரு துவாயைக் கொண்டுவந்தவள், விரல் பட்டுவிடாமல் அதன் நுனியைப் பிடித்து நீட்டினாள். கஜலக்சுமியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே சாப்பிட்டாள்.