படம் முடிந்த பிறகும் ஓடிய கேசட்

அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தை முன்னிட்டு மூன்று மாதம் விடுப்பு அளிக்கலாம் என்கிறது விதி. கருச்சிதைவு என்றால் ஆறு வாரம் என்கிறது அதற்கு அடுத்த விதி. இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. முதல் விதியில் பிரசவம் என்று இருக்கிறது. பிறந்தது அழ வேண்டும் என்றோ மூச்சுவிட வேண்டும் என்றோ அதில் நிபந்தனை எதுவும் கிடையாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் விடுப்புப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மற்றவர்கள் ராமாயணம் படித்த வயதில் இதைப் படித்தேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம், எண்பதுகளின் நடுவில், என் மகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. மாசியில் ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கல் கழிந்த வாரம். அவளும் அரசு ஊழியை. வேறோர் அலுவலகத்தில் எழுத்தர். மஸ்கட்டில் வேலை பார்த்த மாப்பிள்ளை தந்தி கண்டு ஓடி வந்தார், கிடைத்த விடுமுறை தீர்ந்ததும் திரும்பிப் போனார். அவர் விமானம் ஏறிய வாரமே அவளுடைய அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது: கருச்சிதைவு, ஆறு வாரம்.

நான் நேரில் போனேன். அங்கே இருந்த கண்காணிப்பாளர், ஒரு காலத்தில் நான் எடுத்த பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கியவர்.

"மேடம், எனக்கு ரூல் படிப்பிச்சதே நீங்களாக்கும்," என்று எழுந்து நின்றார். "ஆனா குழந்தை இல்லையே. குட்டி இல்லாம எந்து மெட்டர்னிட்டி?"

"ஒன்பது மாசம் சுமந்தா. விடிய விடிய வலி எடுத்துப் பெத்தா. அதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன பேரு?"

"ஐயோ, நான் ஒண்ணும் பறஞ்சில்ல. நாளைக்கு ஆடிட்காரன் கேட்டா நான் என்ன சொல்லணும்? அவங்க ஒரு பெட்டிஷன் தரட்டும். மேல எழுதிக் கேட்டுரலாம்."

மனுவை ஊழியர் தர வேண்டும்; ஊழியரின் தாய் தர முடியாது. அதுவும் சரியான விதிதான். அன்று மாலையே உட்கார்ந்து எழுதி முடித்தேன். என் பணிக்காலத்தில் அதைவிடச் சுத்தமாக ஒரு மனு எழுதியதில்லை. மகள் கையெழுத்துப் போடவில்லை.

"ஆறு வாரமோ அறுபது வாரமோ, என்னை விடேம்மா."

விட முடியவில்லை. மனு போகாவிட்டால் அவளுடைய பணிப் பதிவேட்டில் அந்த ஒரு சொல்தான் நிற்கும். பின்னாளில் அதைப் புரட்டுகிற யாரோ, இவளுக்கு ஆரம்பத்திலேயே ஏதோ கலைந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். அவள் ஒரு பிள்ளையைப் பெற்றவள் என்று எங்கேயுமே இருக்காது. வேறு எங்கேயும் இல்லை என்பதையும் நான் யோசித்துப் பார்த்திருந்தேன். ஜாதகம் கணிக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. தொட்டில் கடனாகத் தந்த வீட்டுக்காரர்கள் அவர்களாகவே வந்து ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

உடம்புக்கு மட்டும் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் வற்றும் என்பார்கள். சாலைக் கடைத்தெருவில் மல்லிகை வாங்கும்போது பூக்காரி, "இத்தரயும் பூவா? ஆத்துல என்ன விசேஷம் மாமி?" என்றாள். ஒரு பூஜை என்றேன். வீடு முழுவதும் கல்யாண வீடு போல மணத்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

மாப்பிள்ளை அதற்கு முந்தைய விடுமுறையில் ஒரு வீடியோ டெக் கொண்டுவந்திருந்தார். பிள்ளை பிறந்ததும் பெயர் வைக்கிற புண்ணியாகவாசனத்துக்கு வீடியோ எடுப்பதாகவும், அதை இந்த டெக்கில் போட்டுப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. அட்டைப் பெட்டியிலேயே இருந்ததை நான் பிரித்தேன். அவள் பேசாமல் படுத்திருக்கிற வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

ஆரியசாலையில் மிளகாய் மண்டிகளுக்கு நடுவே ஒரு கேசட் கடை இருந்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரர், மண்டியில் பாதியைத் தடுத்து அலமாரி போட்டிருந்தார். வாடகைக்கு எடுக்கிற எந்தப் படத்தைப் பிரித்தாலும் வற்றல் நெடி அடிக்கும்.

"குழந்தை இல்லாத படமா ஒண்ணு குடுங்கோ," என்றேன்.

அவர் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாமி, அந்த மாதிரிப் படமெல்லாம் நம்ம கடையில கிடையாது, பாத்துக்கிடுங்க. நான் குடும்பஸ்தன்."

"நானும் குடும்பத்துல இருக்கறவதான். பிரசவம், தொட்டில், தாலாட்டு, ஒண்ணும் வரப்படாது. அவ்வளவுதான் கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அலமாரியை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அப்பம் தமிழ்ல கஷ்டமாக்கும் மாமி. அம்மை இல்லாம படம் எடுக்க நம்ம ஆளுகளுக்குத் தெரியாதுல்லா."

உண்மைதான். மூன்றாவது கேசட்டுக்குள் எனக்கே தெரிந்துவிட்டது. முழுக்க அடிதடி என்று அவர் சத்தியம் செய்து கொடுத்த படத்தில், கதாநாயகனின் தகப்பன் எழுத்துப் போடுவதற்கு முன்பே கொல்லப்பட்டான். தாய் கைக்குழந்தையோடு மழையில் ஓடினாள். சிரிப்புப் படம் என்று தந்ததில் ஒரு குழந்தை கோயில் திருவிழாவில் தொலைந்தது. மலையாளப் படங்களில் மழை இன்னும் அதிகம்.

அதனால் எனக்குத் தெரிந்த முறையைக் கையாண்டேன். மத்தியானம் மகள் தூங்கும்போது, கேசட்டை டெக்கில் போட்டு, ஒலியை முழுக்கக் குறைத்து, வேகமாக ஓட்டிப் பரிசீலிப்பேன். தேறினால் சாயங்காலம் போடுவேன். தேறாவிட்டால் அவள் எழுந்திருக்கும் முன் கடைக்குப் போய் மாற்றி வருவேன்.

அப்படி வேகமாக ஓட்டிப் பார்த்ததில், வாழ்நாளில் பார்த்ததைவிட அதிகம் தாய்மார்களை அந்த வாரங்களில் பார்த்தேன். கிடுகிடுவென்று ஓடி வருவார்கள், வெடவெடவென்று அழுவார்கள், நொடியில் தலை நரைத்துவிடும். பாதிப்பேர் தையல் மிஷின் ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். ஒருத்தியும் பஸ்ஸைப் பிடித்து ஆபீஸுக்குப் போகவில்லை. என் மகள் பிறந்தபோது, அறுபதுகளின் தொடக்கத்தில், விடுப்பு முடிந்த மறுநாள் காலை நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். மத்தியானத்துக்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரோ ஒரு தாலுகா ஊழியரின் ஈட்டிய விடுப்பைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தச் சாயங்காலம் வீட்டுக்கு ஓடியபோது அழுகிற குழந்தை ஒன்று எனக்காகக் காத்திருந்தது. இவளுக்கு அதே நனைந்த ரவிக்கை இருந்தது, அழுகைதான் இல்லை.

கடைசியில் கடைக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். சீனச் சண்டைப் படங்கள். "இதுல அம்மையும் கிடையாது, அக்காவும் கிடையாது மாமி. வாத்தியாரும் சிஷ்யனும் கடைசிவரைக்கும் அடிச்சுக்கிடுவானுவ." பார்த்தேன். உண்மைதான். அந்த ஊரில் யாரும் யாருக்கும் பிறந்ததாகவே தெரியவில்லை. தேறிற்று.

சாயங்காலம் மகளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து அதைப் போட்டேன். அவளுக்கு அதில் ஒரு கிழட்டு வாத்தியாரைப் பிடித்துப்போனது. அவர் ஒவ்வொரு தடவை அடிப்பதற்கு முன்பும் தாடியை நீவிவிட்டுக்கொண்டார். "உன்னோட பழைய டெபுடி செக்ரட்டரி மாதிரி இல்லே?" என்றாள். ஆற்றுக்கால் பொங்கலுக்குப் பிறகு அவள் தானாகப் பேசியது அதுதான் முதல். நான் தேவைக்கு அதிகமாகவே சிரித்தேன்.

படம் முடிந்தது. திரையில் புள்ளிகள் பொரிந்தன. காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க நான் உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் அங்கே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ ஒருவர் வீட்டுச் சோறூட்டல். அந்தக் கடைக்காரர் விசேஷங்களுக்கு வீடியோவும் எடுப்பார் என்றும், விசேஷ வீட்டார் வாங்கிப் போகாத பழைய கேசட்டின் மேல்தான் படங்களைப் பதிவு செய்வார் என்றும் எனக்கு அப்போது தெரியாது. சீனப் படம் குட்டையானது. அது நின்ற இடத்துக்குப் பிறகு, அழியாமல் அடியில் கிடந்தது மேலே வந்துவிட்டது. கதை முடிந்த இடத்தோடு நான் பரிசீலனையை நிறுத்தியிருந்தேன்.

கசவுப் புடவை கட்டிய ஓர் இளம்பெண்ணின் மடியில் ஆறேழு மாதக் குழந்தை. யாரோ ஊட்டிய சோற்றை அது நாக்கால் வெளியே தள்ளியது. "இங்ஙோட்டு நோக்கு மோளே," என்று ஒரு குரல் கேட்டது. அவள் காமிராவைப் பார்க்கவில்லை. குழந்தையின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் டெக்கை அணைக்கப் போனேன்.

"அணைக்காதே," என்றாள் மகள்.

"இது படம் இல்லேடி. தப்பா வந்திருக்கு."

"தெரியறது. அணைக்காதே."

கொஞ்ச நேரத்தில் அது பாதியில் அறுந்தது. "திருப்பி ஓட்டு," என்றாள். ஓட்டினேன். மறுபடியும் பார்த்தாள். அழுவாள் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை.

"நீ பாத்தியோல்லியோ?" என்றாள்.

"நான் முடிவோட நிறுத்திட்டேன். பின்னாடி இப்படி ஒண்ணு இருக்கும்னு—"

"அதில்லே. நீ மத்தியானம் மத்தியானம் ஓட்டிப் பாக்கறது எனக்குத் தெரியும். அந்தக் கிர்ருங்கற சத்தத்துல யாருக்குத் தூக்கம் வரும்? நான் அதைக் கேக்கலே. ஆஸ்பத்திரில. நீ பாத்தியோல்லியோ?"

அவளுக்கு மயக்கம் தெளிவதற்கு முன்பே குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்த்தால் மறக்க மாட்டாள், பார்க்காவிட்டால் மறந்துவிடுவாள் என்றார் டாக்டரம்மா. உறவுக்காரர்களும் அதையே சொன்னார்கள். ஆணா பெண்ணா என்பதைக்கூட அவளிடம் சொல்லக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் வழக்கம். அவளும் அன்றுவரை கேட்கவில்லை.

"பாத்தேன்."

"என்ன கொழந்தை?"

"பொண்ணு."

அவள் புள்ளிகள் பொரிகிற திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைமயிர்?"

"நிறைய. நெத்தில வந்து விழுந்துது. நீ பிறந்தப்போ உனக்கும் அப்படித்தான்."

"கை எப்படி இருந்தது?"

"மூடிண்டிருந்தா. நர்ஸ் துணியைச் சுத்தறப்போ ஒரு கை மட்டும் வெளில வந்துது. நான் உள்ளே வெச்சேன்."

"நீ தொட்டியா?"

"தொட்டேன்."

அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காப்பி ஆறியது. நாங்கள் விளக்குப் போடவில்லை.

மறுநாள் காலை நான் கேட்காமலே அவள் மனுவை எடுத்து வாசித்தாள். பொருள் என்ற இடத்தில், மகப்பேறு விடுப்பு கோருதல் என்று நான் எழுதியிருந்தேன். கீழே, உயிரற்ற சிசுவைப் பிரசவித்தேன் என்று. ஆங்கிலத்தில், அலுவலகம் எதிர்பார்க்கிற வரிசையில். அவள் உயிரற்ற சிசுவை அடித்துவிட்டு, என் மகள் என்று மேலே எழுதினாள். பொருளிலும் அதையே சேர்த்தாள்: என் மகள் பிறந்தது, மகப்பேறு விடுப்பு கோருதல்.

"மனுல யாரும் இப்படி எழுத மாட்டாளேடி."

"எழுதப்படாதுன்னு ரூல் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

மனு அவளுடைய கண்காணிப்பாளரிடமிருந்து துறைத் தலைவருக்குப் போனது. அங்கிருந்து இன்னும் மேலே. ஒரு கேள்வியோடு கீழே வந்தது, பதிலோடு மறுபடி மேலே போனது. நினைவூட்டல் எழுதினோம். இந்த வழியெல்லாம் நான் பல வருடம் மற்றவர்களை நடக்க வைத்த வழிதான், அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று மாதம் முடிந்ததும், அது என்ன விடுப்பு என்று தீர்மானமாகாமலே அவள் வேலைக்குத் திரும்பினாள். அதே நாளில், அவளோடு ஒரே சமயத்தில் பிரசவ விடுப்பில் போன இன்னொருத்தியும் திரும்பியிருந்தாள். லட்டு கொடுத்தாளாம். மகள் தன் பங்கை டிபன் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆளுக்குப் பாதி தின்றோம்.

சீனப் படம் மட்டும் இன்னும் சில தடவை எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் வாங்கி வரவில்லை. ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஆரியசாலையில் இறங்கி அவளே எடுத்து வருவாள். முடிவுக்குப் பிறகு ஓட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் அதுவும் இல்லாமல் போனது. கடைக்காரர் அந்தக் கேசட்டின் மேல் புதுப்படம் ஏற்றிவிட்டார். அவரை என்ன சொல்ல முடியும்? அவளும் அங்கே போவதை நிறுத்தினாள்.

அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மனுவின் பொருளை ஒவ்வொரு மேஜையிலும் அப்படியே பார்த்து எழுதுவார்கள். மாற்ற யாருக்கும் அதிகாரமில்லை, அக்கறையும் இல்லை. அதனால், மூன்று மாதமும் மகப்பேறு விடுப்பாகவே கருதப்படும் என்று கடைசியில் வந்த உத்தரவின் தலையில், மனுதாரரின் மகள் பிறந்தது தொடர்பாக என்று தட்டச்சு செய்திருந்தது. அவள் அதை வாசித்துவிட்டு, சமையலறையில் நின்றுகொண்டு, அன்றுதான் அழுதாள். பூஜை விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்த முதல் நாள், விஜயதசமிக்கு மறுநாள், அந்தப் பதில் வந்தது.