இடப்பக்கம் பார்த்த ஆள்

கோபிசெட்டிபாளையத்தில் மிட்டாதார் மாளிகை என்று நூறு வருஷத்துக் கட்டடம் ஒன்று. அந்த வம்சத்து ராமாமணியம்மா அதைக் கல்யாணங்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார். கவுண்டர் வீட்டுக் கல்யாணம், எங்கள் நிக்காஹ், சர்ச்சில் தாலி கட்டிவிட்டு வருகிறவர்களின் விருந்து, எல்லாம் அங்கேதான். எல்லாவற்றுக்கும் போட்டோ சாமுவேல். மாலையும் மேடைப் பூவும் நான், ஜபருல்லா.

சாமுவேல் கெட்டவர் இல்லை, சந்தேகப் பிராணி. நெகட்டிவை மாற்றிவிடுவார்கள் என்று தானே கோயமுத்தூருக்கு பஸ் ஏறிப் போய், பிரிண்ட் கைக்கு வரும்வரை லேப் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். பந்தியில் சாம்பாரை மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றச் சொல்வார். என் மாலையில் நேற்றைய ரோஜா கலந்திருக்கிறதா என்று தினமும் கிள்ளிப் பார்ப்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "பிரிச்சே பாத்துப்போடுங்க!" என்று மாலையைக் கையில் கொடுத்தேன். மனுஷன் நிஜமாகவே பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாளிகைக்குள் பகலிலும் இருட்டு. கேமராவின் பிளாஷ் போதாது என்று, கம்பில் கட்டிய இன்னொரு பிளாஷை அவர் மகள் இனியா பிடித்துக்கொண்டு நிற்பாள். எப்போதும் அவருக்கு இடப்பக்கம். வேறு யாரிடம் கொடுத்தாலும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்களாம். பி.காம். முடித்த பெண், வாய் திறக்காமல் நிற்பாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதம், சாமுவேல் என் பூக்கடைக்கு வந்து மூன்று படங்களைப் பரப்பினார். மூன்று கல்யாணங்கள், மூன்று சாதிசனம். மூன்றிலும் கடைசி வரிசையில் ஒரே ஆள். ஒல்லியாக, கட்டம் போட்ட சட்டையில் நின்றான்.

"உங்க சனத்துக்கும் எங்க சனத்துக்கும் கவுண்டரூட்டுக்கும் ஒருத்தனே எப்படீங்க சொந்தக்காரனா இருப்பான்? நகைய நோட்டம் பாக்கத்தானுங்க வாரான்."

எனக்கும் திக்கென்றது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்தவரை யாரென்று கேட்டுவிட்டால் அது பெரிய அவமரியாதை. மாப்பிள்ளை வீட்டார் அவனைப் பெண் வீடு என்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்பார்கள். "வாங்க வாங்க, சாப்புட்டுப் போங்க" என்று இரண்டு பக்கமும் கும்பிடும்.

அடுத்த முகூர்த்தத்திலேயே நடந்துவிட்டது. தாலி கட்டி, மாலையைக் கழற்றிவிட்டுப் பெண் சேலை மாற்றப் போனபோது கழுத்தில் இரட்டை வடச் சங்கிலியைக் காணோம். ராமாமணியம்மா எங்களை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"எல்லாக் கல்யாணத்துக்கும் உள்ள வந்து போற வெளியாளு நீங்க ரெண்டு பேருந்தானுங்க. சங்கிலி கெடைக்கலீன்னா இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்."

சாமுவேல் பையைத் திறந்து படங்களை மேசைமேல் வைத்தார். "எல்லாத்துக்கும் வாறவன் இன்னொருத்தன் இருக்கானுங்கம்மா."

பந்தியில் இருந்தவனை இலையிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தார்கள். பெயர் வேலன், உரக்கடையில் வேலை. சட்டைப் பையில், மடியில் எதுவும் இல்லை. யார் அழைத்தார்கள் என்று கேட்டதற்கு, "சும்மா வந்தேனுங்க" என்றான். கூட்டாளியிடம் கொடுத்திருப்பான் என்று பெண் வீட்டார் கத்தினார்கள். ராமாமணியம்மா போலீசுக்குப் போன் போட ரிசீவரை எடுத்தார். எடுத்தவர் படங்களை இன்னொரு தரம் பார்த்தார்.

"ஏனுங்க சாமுவேலு, எல்லாரும் கேமராவப் பாக்குறாங்க. இவன் மட்டும் எல்லாத்துலயும் இந்தப் பக்கமே பாக்குறான். அங்க நகைப் பொட்டியா இருந்துச்சு?"

சாமுவேல் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவருடைய இடப்பக்கம். முகம் வெளுத்துவிட்டது. வாசலில் பிளாஷ் கம்போடு இனியா வேலனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலன் தரையைப் பார்த்தபடி நின்றான். ஜெயிலுக்கே போனாலும் அவன் அவள் பெயரைச் சொல்லப்போவதில்லை என்று எனக்கே புரிந்தது.

சாமுவேல் சும்மா இருந்தால் மகள் பெயர் வெளியே வராது. அவன் போலீசோடு போவான். ஊரே கூடி நிற்கும் இடத்தில் அவர் வாயைத் திறந்தார்.

"போன வெச்சுருங்கம்மா. இவன் நகைக்கு வரலீங்க. எம்புள்ளையப் பாக்க வந்திருக்கான்."

இனியா உள்ளே வந்தாள். "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்கப்பா. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டீங்க, என்னைய மட்டும் திரும்பியே பாக்கல."

ராமாமணியம்மா ரிசீவரை வைத்துவிட்டார். அப்புறம் நான் மேடையைக் கலைக்கும்போது, பெண் கழற்றிப்போட்ட மாலையின் ஜிகினா நூலில் சங்கிலி சிக்கிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். சாமுவேல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை நேரம் இது எங்கீங்க இருந்துச்சு?"

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். "தெனமும் மாலையக் கிள்ளிப் பாக்குற ஆளு, இன்னைக்கு மட்டும் ஏனுங்க பாக்கல?"

அவர் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆவணியில் வேலனுக்கும் இனியாவுக்கும் அதே மாளிகையில் கல்யாணம். வேறு போட்டோக்காரரை நம்ப மாட்டேன் என்று சாமுவேலே கேமராவை எடுத்தார். பிளாஷ் கம்பை என் கையில் கொடுத்தார். எனக்கே நம்ப முடியவில்லை.

மேடையில் வேலன் முதல்முறையாக நேராக கேமராவைப் பார்த்தான். "கொஞ்சம் மேல தூக்கு, கண்ணு" என்று பழக்கத்தில் சாமுவேல் இடப்பக்கம் திரும்பினார். அங்கே நான் நின்றேன். கேமராவை இறக்கிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அவர் அழுதார்.