சூசைமாணிக்கம் கெண்டை பிடிக்கப் போன கதை

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் இருந்த சூசைமாணிக்கம் ஷண்டிங் போர்ட்டர். கூட்ஸ் பெட்டிகளைக் கோத்து விடும் வேலை. ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தவருக்கு வலது கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் யாரோடும் பேசவில்லை. மனைவி இன்னாசிமேரி தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் விட்டுவிடுவார்.

ஆனி பிறந்தபோது திடீரென்று வாயைத் திறந்தார்.

"மேரி, காவேரியில கெண்டை புடிக்கப் போவோணும். இத்தன வருசத்துல ஒருக்காகூடப் போனதில்ல."

இன்னாசிமேரிக்கு அழுகையே வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் செய்யத் தயாராக இருந்தாள். கூட வேலை பார்த்த மிக்கேல் கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்திலிருந்து மூங்கில் கொண்டுவந்து கொடுத்தார். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளை அவள் வாங்கி வந்தாள். சூசைமாணிக்கம் கட்டிலில் உட்கார்ந்தபடியே நூலுக்கு மெழுகு தடவி முறுக்கினார். ஈயக்குண்டு கோத்தார், தக்கை சீவினார். கேழ்வரகு மாவுக்குக் கெண்டை வருமா, மண்புழுவுக்கு வருமா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். அணை திறந்தால் பாலத்தடியில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்றும் கேட்டார். அந்த வீட்டில் மறுபடியும் பேச்சுக் குரல் கேட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் மிக்கேல் அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"என்னைய வரவேண்டாங்கறான் தங்கச்சி. உன்னையுந்தான். ரயில்ல ஏத்தி உட்டாப் போதுமாம், காவேரி ஸ்டேசன்ல அவனே எறங்கிக்குவானாம். கையில கட்டியிருந்த கடிகாரத்தையும் கழட்டி என்ர கையில குடுத்துட்டான்."

இன்னாசிமேரி உள்ளே வந்து பையைப் பிரித்துப் பார்த்தாள். நூல் இருந்தது, தக்கை இருந்தது, ஈயக்குண்டு இருந்தது. தூண்டில் முள் மட்டும் இல்லை.

"ஏனுங்க, முள்ளு எங்கீங்க?"

"அங்க போயி வாங்கிக்கலாம்."

"ஆத்தங்கரையில முள்ளு யாருங்க விக்கறாங்க?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் மூலையில் சாத்தியிருந்த மூங்கிலைப் பார்த்தாள். மூங்கிலை ஒடித்து அடுப்பில் வைத்துவிடலாம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் ஓடுகிறது, தெருமுனையில் கிணறு இருக்கிறது. எத்தனையைத்தான் மறைத்து வைக்க முடியும்? எந்த இடத்தை மனதில் வைத்திருக்கிறாரோ, அந்த இடத்துக்கு நானும் போகிறேன் என்று முடிவு செய்தாள். டவுன் பஸ் பிடித்துக் கடைவீதிக்குப் போய் முள் வாங்கி வந்து, நூலில் தானே கட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை இருவரும் பாசஞ்சரில் போய் காவேரி ஸ்டேஷனில் இறங்கினார்கள். ஆறு கலங்கி, கரை தொட்டு ஓடியது. பரிசல்காரர் சென்னியப்பன் அவருடைய காலைப் பார்த்துவிட்டு, "தண்ணி வரத்து சாஸ்திங்க. பாறைக்கு இந்தப் பக்கமே உக்காருங்க" என்றார். சூசைமாணிக்கம் காதில் வாங்காமல் பாறையின் விளிம்புக்கே நகர்ந்தார். இன்னாசிமேரி அவரைத் தாண்டிப் போய், ஈரத்தில் காலை வைத்து உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு அங்க உக்கார்ற?"

"நீங்க எங்க உக்காந்தாலும் தண்ணிக்கும் உங்களுக்கும் நடுவுலதான் நான் உக்காருவேன்."

 வெயில் ஏறிய பிறகுதான் அவர் தூண்டிலை வீசினார். வெகுநேரம் எதுவும் கடிக்கவில்லை. பிறகு தக்கை ஒரேயடியாக அமுங்கியது. மூங்கில் வளைந்ததும் ஒற்றைக் காலால் அவருக்குத் தாங்க முடியவில்லை. முன்னால் சரிந்தவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். இருவருமாக இழுத்துப் போட்ட கெண்டை, முழங்கை நீளத்தில், பாறைமேல் துள்ளி விழுந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

"நான் மீனுக்காக வரல மேரி."

"தெரியுமுங்க."

"இன்னொரு நாளைக்கு இதே நெனப்பு வந்தா?"

"அன்னைக்கும் கூட வாரேன்."

மீனைக் குழம்பு வைத்தாள். அவர் தொடவில்லை. மறுபடியும் பழைய மௌனம் வந்து சேர்ந்தது. இன்னாசிமேரி கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் போகும்போது பக்கத்து வீட்டுத் தெரசம்மாளை அவரோடு உட்கார வைத்துவிட்டுப் போவாள். "பச்சக் கொழந்தையா, இப்பிடிக் காவல் காக்கறதுக்கு?" என்று தெரசம்மாள் கேட்டதற்கு அவள் காரணம் சொன்னதே இல்லை. ராத்திரியில் அவர் புரண்டு படுத்தால் இவள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். நல்ல தூக்கம் என்பதையே மறந்துபோனாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் டைபாய்டு கண்டு, சொந்தக் கட்டிலில், பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிய பிறகு சூசைமாணிக்கம் இறந்தார். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்காத காலம் அது. இவரைக் கோயில் மணி அடித்து, ஜெபம் சொல்லி, அவருடைய அப்பாவின் குழிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். இன்னாசிமேரி அழவில்லை. மண் மூடி முடிகிற வரைக்கும் நின்றிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, பொழுது விடிந்தும் எழுந்திருக்காமல் தூங்கினாள்.